பழைய மோட்டாரை போனில் கண்காணிப்பது எப்படி?

பொள்ளாச்சி தாண்டி கோபாலபுரம் பக்கம் தேங்காய் நார் மில் வைத்திருப்பவர்களுக்கு இது. மெஷினை மாற்ற வேண்டாம், பேனலில் ஒரு மாட்பஸ் (மெஷின்கள் டேட்டா பரிமாறிக்கொள்ளும் முறை) எனர்ஜி மீட்டர் போதும். மட்டை அடிக்கும் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று தெரிந்தாலே பாதி கோளாறு புரிந்துவிடும்.

மெயினை அணைத்துவிட்டு மூன்று பேஸிலும் சிடி (கரண்டை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) மாட்டச் சொல்லுங்கள். இது எலக்ட்ரீசியன் வேலை. லோடு ஓடும்போது சிடி வயரைக் கழற்றினால் அந்த முனையில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும். அப்புறம் மீட்டரிலிருந்து ஆர்எஸ்-485 வயரை (ஏ, பி என்று இரண்டு வயர் கொண்ட டேட்டா இணைப்பு) சிம் போட்ட கேட்வேக்கு (மீட்டர் அளவை இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) இழுங்கள், இரண்டிலும் ஒரே பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) இருக்க வேண்டும், பெரும்பாலும் 9600. ஒன்றும் வரவில்லையா? ஏ, பி வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான் அரை நாள் சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் அந்த இரண்டு வயர்தான்.

எல்லையில் சிம் ஒரு நேரம் நம்ம டவர், ஒரு நேரம் கேரளா டவர் என்று தாவும், தகரக் கூரைக்குள் அதுவும் நிற்காது. ஆன்டெனாவை வெளியே ஏற்றுங்கள்.

மாட்பஸ் 1979-ல் வந்தது, பாஸ்வேர்டு என்ற பேச்சே அதில் இல்லை. மாட்பஸ் பயன்படுத்தும் 502 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் பாருங்கள். கேட்வேயோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனை மட்டும் போனில் வைக்கவே வேண்டாம், சிக்கிய மட்டையை எடுக்க உள்ளே ஒருவர் கை விட்டிருப்பது வீட்டிலிருந்து அழுத்துபவருக்குத் தெரியாது.