வெளுத்த இலைச் செடிகளை மேட்டில் வையுங்கள்

எங்கள் வீடு மன்னார்குடிக்குக் கிழக்கே, பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. கொல்லை முழுக்கக் களிமண். பங்குனியில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு போய்விடும். இந்த மண்ணில்தான் பன்னிரண்டு வருடமாக நொச்சி, பேய்மிரட்டி, மரிக்கொழுந்து மூன்றும் வளர்க்கிறேன். மூன்றுக்கும் வாசனை உண்டு, சாம்பல் பூத்த நிறமும் உண்டு. நொச்சிக்கு இலையின் அடிப்பக்கம்தான் வெளுப்பு. காற்றடிக்கும்போது வேலி முழுக்க வெள்ளையாகப் புரளும்.

அந்த வெளுப்பு, இலையில் இருக்கும் நுண்ணிய மயிர். வெயிலைத் திருப்பி அனுப்பும், இலையிலிருந்து ஈரம் போவதைக் குறைக்கும். அதனால் நம் சித்திரை வெயிலுக்கு நொச்சியும் பேய்மிரட்டியும் அசையாது. டெல்டாவில் இந்தச் செடிகளைக் கொல்வது தண்ணீர்.

முதல் வருடம் எனக்கு அது தெரியவில்லை. ஆடியில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, எருவும் மணலும் நிரப்பி ஆறு பேய்மிரட்டிக் கன்று வைத்தேன். ஆவணி வரை அழகாக வந்தது. கார்த்திகையில் ஒவ்வொன்றாக அடி கறுத்துச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கூழாகியிருந்தது. களிமண்ணில் வெட்டிய குழி ஒரு தொட்டிதான். சுற்றியிருக்கும் மண் நீரை விடாது. நாம் போட்ட மணல் முழுக்கத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஆகவே குழி வெட்டாதீர்கள், மேடு போடுங்கள்.

தரையை லேசாகக் கொத்திவிட்டு, அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு. அடியில் செங்கல் உடைசல், ஓட்டுச் சில்லு. அதற்குமேல் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நம் களிமண் ஒரு பங்கு. வல்லம், ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் வாசலிலேயே கிடக்கிறது, அவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பழைய சுண்ணாம்புக் காரை கிடைத்தால் ஒரு கூடை சேருங்கள், இந்தச் செடிகளுக்கு ஒத்துப்போகும். எரு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கொழுத்து வளர்ந்தால் இலை பச்சையாகிவிடும், மணமும் மட்டுப்படும். தென்னை நிழலில் வைக்கவே வைக்காதீர்கள்.

நடுவதற்கு ஏற்றது தை மாதம். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் கொஞ்சம் ஈரமும் மிச்சமிருக்கும். ஐப்பசி வருவதற்குள் வேருக்கு ஒன்பது மாதம் கிடைக்கிறது. முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர், பிறகு வாரம் ஒருமுறை. வைகாசிக்குப் பின் நொச்சிக்கு நான் ஊற்றுவதே இல்லை. மண்ணை மூடிவைக்கும் மூடாக்குக்காக வைக்கோலோ தென்னை மட்டையோ இவற்றின் தண்டை ஒட்டிக் கிடக்கக் கூடாது. சரளைக் கல் பரப்புங்கள்.

நொச்சிக்கு விரல் பருமனில் முற்றிய குச்சி, ஒரு அடி நீளம், பாதி மண்ணுக்குள். மூன்றடிக்கு ஒன்றாக வைத்தால் இரண்டு வருடத்தில் வேலி. ஆடுமாடு அதிகம் வாய் வைக்காது. புறத்திணையில் மதில் காத்தவர்கள் சூடிய பூ இது. என் கொல்லையையும் இதுவே காக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. புரட்டாசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், மழைக்காலத்தில் உள்ளே காற்றோடும். வெட்டிய தழை வீண் போகாது: நெல் மூட்டைகளுக்கு இடையில் போடலாம், மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் புகை போடலாம், சளிக்கு ஆவி பிடிக்கலாம்.

பேய்மிரட்டி வாய்க்கால் மேட்டில் தானாகவே நிற்கும். காய்ந்த பூக்கதிரை ஒரு தாளில் உதறினால் விதை விழும், அதைத் தூவினால் போதும். பூத்தால் தேனீ வரும். பச்சை இலையைத் திரியாக முறுக்கி எண்ணெயில் நனைத்துக் கார்த்திகைக்கு விளக்கேற்றிப் பாருங்கள், நின்று எரியும்.

மரிக்கொழுந்து மட்டும் கொஞ்சம் செல்லம். ஒரு பருவச் செடி, தாகம் தாங்காது, மழையும் தாங்காது. மார்கழிக் கடைசியில், அடியில் ஓட்டை போட்ட அகலத் தொட்டியில் விதையுங்கள். விதை தூசி மாதிரி இருக்கும். மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தெளிக்க வேண்டும். மாசி, பங்குனியில் கதம்பத்துக்குக் கிள்ளலாம். நான் இரண்டு செடியைக் கிள்ளாமல் முற்ற விட்டுவிடுவேன். பழைய விதை சரியாக முளைப்பதில்லை, அடுத்த மார்கழிக்கு அந்த இரண்டும்தான் விதை.