குழந்தைகளுடன் நகரத்தைச் சுற்றக் கிளம்பும் முன்

அருங்காட்சியகம், பூங்கா, கடைவீதி என்று மூன்று இடங்களை ஒரே நாளில் அடக்கிவிடத் திட்டமிடுவதுதான் குழந்தைகளுடனான வெளிப்பயணத்தைப் பெரும்பாலும் கெடுக்கிறது. ஓர் இடம் போதும். அங்கும் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டால் வரிசையும் குறைவாக இருக்கும், குழந்தையின் பொறுமையும் தீர்ந்திருக்காது. வெயில் காலத்தில், புற ஊதாக் கதிர்களின் தாக்கம் மிகுந்த காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரையிலான பொழுதில் பெரும்பகுதியைக் கூரைக்குக் கீழே கழிக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

கூட்டத்தில் குழந்தை பிரிந்துவிடக்கூடும் என்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. வீட்டு வாசலிலேயே, காலணி வரை தெரியும்படி குழந்தையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில், காலையில் நாமே போட்டுவிட்ட சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதி, வியர்வையில் அழியாதிருக்க அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிடலாம். பெயரை மட்டும் பையின் வெளிப்புறத்தில் எழுத வேண்டாம், ஏனெனில் முன்பின் அறியாதவரும் அதைப் படித்துவிட்டுப் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை எளிதில் நம்பிவிடும். வழி தவறினால் எங்களைத் தேடி அலையாதே, நின்ற இடத்திலேயே நின்று, சீருடை அணிந்த ஊழியரையோ குழந்தைகளுடன் வந்திருக்கும் ஓர் அம்மாவையோ உதவிக்குக் கூப்பிடு என்று முன்கூட்டியே சொல்லி, ஓரிரு முறை திருப்பிச் சொல்லவும் வையுங்கள்.

கழிப்பறை எந்தப் பக்கம் என்பதை உள்ளே நுழைந்தவுடனேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கேட்கும்போது தேடுவதற்கு நேரம் இருக்காது.