மோட்டார் சுத்துது, ட்ரெயின் மட்டும் நகரல

பொண்ணோட பேட்டரி ட்ரெயின்ல சுவிட்ச் போட்டா கொய்ங்னு சத்தம் வரும், சக்கரம் அசையாது, புது செல் போட்டாலும் அதே கதைதான். மோட்டார் சத்தம் நல்லா வருதுன்னா கரண்ட் போகுதுன்னு அர்த்தம், அப்போ நடுவுல கியர்தான் எங்கயோ வழுக்குதுன்னு இன்ஜினோட அடி ஸ்க்ரூவ கழட்டி பிரிச்சு பாத்தேன். மோட்டார் ஷாஃப்ட்ல, அதாவது சுத்தற கம்பில, சொருகியிருக்கற பினியன்ங்கற குட்டி வெள்ளை பல்சக்கரத்துல ரெண்டு பல்லுக்கு நடுவுல மயிரிழை விரிசல். ஷாஃப்டை எப்பவும் இறுக்கி புடிச்சுட்டே இருக்கறதால பிளாஸ்டிக் நாளாவட்டத்துல இப்படி பிளந்துடும், அப்புறம் ஷாஃப்ட் மட்டும் உள்ள சும்மா சுத்தும்.

சூப்பர் க்ளூ போட சொல்வாங்க, வேணாம்ங்க, அது கசிஞ்சு ஷாஃப்டை தாங்கற புஷ்ஷுக்குள்ள இறங்குனா மோட்டாரே காலி. ஹாபி எலக்ட்ரானிக்ஸ் கடைல கியர் பாக்கெட் கிடைக்கும், பல்லு எண்ணிக்கையும் சைஸும் பழசு மாதிரியே இருக்கணும். இந்த மோட்டாருக்கு ஷாஃப்ட் 2 மி.மீ., பினியன் ஓட்டை அதைவிட ஒரு துளி சின்னதா இருந்தாதான் கவ்வும். சொருகும்போது மோட்டாரோட பின்னாடி பிளாஸ்டிக் மூடில அழுத்தம் குடுக்காதீங்க, ஷாஃப்டோட பின் முனையை ஒரு ஆணித்தலை மேல நிறுத்தி மேலருந்து நேரா அமுக்கணும். அப்புறம் கியர்ல வெள்ளை கிரீஸ் துளியூண்டு, தேங்காண்ணெய் விட்டா பிசுபிசுன்னு தூசி ஒட்டும்.

இப்ப வளைவுலயும் சும்மா ஜம்முனு போகுது, எல்லா பெட்டியும் மாட்டினா மட்டும் கொஞ்சம் திணறுது.