ஆறு கிழமை ஊருக்குப் போகிறீர்களா? லண்டன் வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள்?

பள்ளிக்கூட லீவும் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் திருவிழாவும் ஒன்றாக வருவதால், லண்டனில் நம்மவர் வீடுகள் பல ஓகஸ்டில்தான் பூட்டிக் கிடக்கின்றன. தெற்காசியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். பொலிஸும் பல வருடமாக இதைச் சொல்லி எச்சரிக்கிறது.

வீட்டுக்குக் களவு அலாம் வாங்க முதல் ஒன்றைத் தீர்மானியுங்கள்: அது அடித்தால் யார் போய்ப் பார்ப்பது? சைரன் மட்டும் உள்ள அலாமுக்குப் பொலிஸ் தானாக வராது. கண்காணிப்பு நிலையத்தோடு இணைத்து, பொலிஸ் பதிவிலக்கமும் பெற்ற அலாமுக்குத்தான் அந்த வசதி. அதற்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். எதுவானாலும், திறப்பும் கோட் நம்பரும் தெரிந்த, இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடிய இரண்டு பேர் தேவை. மச்சான் லெஸ்டரில் இருக்கிறார் என்றால் சரிவராது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய ஹீலியம் பலூன் ஒன்றை ஹோலில் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். அது அசைந்ததை ஆள் என்று நினைத்துச் சென்சர் இரவு இரண்டு மணிக்கு அலாமை அடிக்க விட்டது. யாழ்ப்பாணத்தில் அப்போது காலை ஆறரை. நான் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், போன் உள்ளே சார்ஜில். பக்கத்து வீட்டு அன்ரிதான் இரவு உடுப்போடு வந்து திறந்து பார்த்து, பலூனைப் பிடித்துக் குசினிக் கதவில் கட்டிவிட்டுப் போனார். ஊரிலிருந்து அவருக்கு இரண்டு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தேன்.

சென்சரை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. குறுக்கே நடப்பவரை அது சட்டென்று பிடிக்கும், தன்னை நோக்கி நேரே வருபவரை அவ்வளவு விரைவாகப் பிடிக்காது. மாடிப்படி அடியும் பின்கதவுப் பக்கமும் முக்கியம். ரேடியேற்றருக்கு நேரே வைக்க வேண்டாம். உங்களுடையது தொலைபேசி வயரில் பேசும் பழைய அலாமா? 2027 ஜனவரியோடு அந்தப் பழைய இணைப்புகள் நிறுத்தப்படுகின்றன. ஃபைபர் இணைப்புக்கு மாறிய வீடுகளில் அலாம் இப்போதே ஊமையாகியிருக்கலாம். போக முதல் ஒருமுறை அடிக்கவிட்டுச் சோதியுங்கள்.

அப்புறம் சிம். கட்டுநாயக்காவில் இறங்கியதும் உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டு லண்டன் சிம்மைப் பர்சுக்குள் வைக்கிறோம். அலாமின் எஸ்எம்எஸ் அந்தப் பர்சுக்குள் கிடக்கும் நம்பருக்குத்தான் போகும்! இரண்டு சிம் போடும் போன் இருந்தால் தொல்லை இல்லை.

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் களவுக்குப் பணம் தரமாட்டோம் என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன. ஆறு கிழமை என்றால் 42 நாள். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லுங்கள். நகைக்கும் தனி உச்சவரம்பு உண்டு, தாலிக்கொடி ஒன்றே அதைத் தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நிறையை எழுதி, ரசீதோடு வையுங்கள். நகையைத் தனியார் பெட்டகத்தில் வைப்பதுதான் என் விருப்பம். வீட்டில் இரும்புப்பெட்டி என்றால் நிலத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். அரிசி வாளி, சாமியறை, கட்டில் மெத்தை எல்லாம் திருடர்களுக்கு மனப்பாடம்.

லைற்றுக்கு ரைமர் போடுபவர்கள் ஆறரைக்குப் போட வேண்டாம். ஜூலைக் கடைசியில் லண்டனில் இருட்ட ஒன்பது மணியாகும். நல்லூர்த் தேர்ப் படங்களைத் திரும்பி வந்த பிறகு பேஸ்புக்கில் போடுங்கள்.

ஹீத்ரோவுக்கு ராக்ஸி வந்து ஹோர்ன் அடிக்கும் நேரத்தில்தான் பலர் முன்கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடுகிறார்கள். பிளாஸ்ரிக் கதவுகளில் அப்படிச் சாத்தினால் விழுவது வெறும் கொக்கிதான். கைபிடியை மேலே தூக்கி, திறப்பைப் போட்டுத் திருப்பினால்தான் பூட்டு முழுதாக விழும். பிறகு கைபிடியை ஒருமுறை அமத்திப் பார்த்துவிட்டு ராக்ஸியில் ஏறுங்கள்.