மனநோயும் சிகிச்சையும்: நாடளாவிய வீட்டு ஆய்வை வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்கு

மனநல ஆய்வு செய்யப்போகிறோம் என்று வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த வினாக்கொத்து நல்லது?" என்பதைத்தான். வினாக்கொத்து ஐந்தாவது படி. அதற்கு முன்னால் நாலு படி இருக்கிறது. சராசரி, மாதிரி, நம்பிக்கை இடைவெளி எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இருப்பது யாழ்ப்பாணம் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிருந்து வரும். ஆய்வு முழு இலங்கைக்குமானது.

படி 1: கடைசி அட்டவணையை முதலில் கீறுங்கள்

ஒரு தாளில் நாலு பெட்டி போடுங்கள். மேலே "சிகிச்சை பெற்றார், பெறவில்லை". பக்கத்தில் "இப்போது நோய் உண்டு, இல்லை". எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பது "நோய் உண்டு, சிகிச்சை பெறவில்லை" என்ற பெட்டியை. சிகிச்சை இடைவெளி என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் வருவது அதுதான். எதிர்மூலையில் இருக்கும் "நோய் இல்லை, சிகிச்சை பெற்றார்" என்ற பெட்டியை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆறாம் படியில் அதற்குத் திரும்பி வருவோம். தாளைக் கிழித்துப் போடாதீர்கள்.

படி 2: எத்தனை வீடு?

மனச்சோர்வு 100 பேரில் 5 பேருக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு வீதம் கூடிக் குறைந்தால் பரவாயில்லை என்றால், வழக்கமான சூத்திரம் 1,825 பேர் என்று சொல்லும். ஆனால் நாங்கள் நாடு முழுக்கச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பதில்லை. ஒரு கிராமத்துக்குப் போய் 20 வீடு செய்துவிட்டு வருகிறோம். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஓரளவு ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். அந்த ஒற்றுமையை 0.03 என்று வைத்தால் வடிவமைப்பு விளைவு (ஒரே இடத்தில் எடுப்பதால் எத்தனை மடங்கு ஆள் கூட வேண்டும் என்பது) 1 + (20 − 1) × 0.03, அதாவது 1.57. பெருக்கினால் 2,866. 85 வீதமானோர்தான் பதில் சொல்வார்கள் என்று கண்டு வகுத்தால், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் 3,372 வீடுகள்.

இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இனித்தான் பிரச்சினை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். யாழ் மாவட்டம் 5 இலட்சத்து 83 ஆயிரம் சொச்சம், 3 வீதம்கூட இல்லை. 3,372 வீடுகளைச் சனத்தொகை விகிதப்படி பிரித்தால் யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பது 97 வீடு. பதில் சொல்பவர்கள் 82 பேர். அதில் மனச்சோர்வு உள்ளவர்கள் 4 பேர் அளவில். நாலு பேரை வைத்துக்கொண்டு இந்த மாவட்டத்தைப் பற்றி என்னத்தை எழுதுவது? தேசிய ஆய்வு என்று பெயர் இருக்கும், வடக்கைப் பற்றி ஒரு வரி இருக்காது.

அதனால் மாகாணத்தை அலகாக எடுங்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் 2.5 வீதம் கூடிக் குறைய விட்டால் 292 பேர். அதே 1.57, அதே 85 வீதம், ஆக 540 வீடு. ஒன்பது மாகாணத்துக்கும் 4,860. முதல் கணக்கைவிட ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு வீடு கூட, ஆனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் சொல்ல ஒரு விடை இருக்கும். இதில் வட மாகாணம் மாதிரியில் ஒன்பதில் ஒரு பங்காக நிற்கும், உண்மையில் சனத்தொகையில் 5 வீதம்தான். ஆகவே தேசியக் கணக்கு எடுக்கும்போது நிறையேற்றம், அதாவது ஒவ்வொரு மாகாணத்தையும் அதன் சனத்தொகைப் பங்குக்கு ஏற்பச் சேர்ப்பது, கட்டாயம்.

மாவட்டத்துக்கு ஒரு விடை வேண்டுமென்றால் 540ஐ ஒன்பதால் அல்ல, 25ஆல் பெருக்க வேண்டும். காசு தருபவரோடு கதைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒழுங்கையைக் கண்டுபிடிப்பது

540 வீடு என்றால், ஓரிடத்தில் எடுக்கும் 20 வீடு ஒரு கொத்து என்று, 27 கொத்து. வடக்கின் 27 கொத்தில் சனத்தொகை விகிதப்படி யாழ் மாவட்டத்துக்கு 15 வரும். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. அவற்றைத் தீவகம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, சனத்தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு சம இடைவெளியில் எடுத்தால் 15 கொத்தும் தானாகவே பரவி விழும். நெடுந்தீவு விழுந்தால் விழட்டும். குறிகாட்டுவானில் படகுக்கு நிற்க வேண்டுமே என்று அதைத் தூக்கிவிட்டுப் புங்குடுதீவைப் போடுவது கூடாது.

பிரிவு கிடைத்ததும் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வாக்காளர் இடாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைப்பீர்கள். மரியாதைக்குப் போய் அவரைக் காணுங்கள், கடிதம் கொடுங்கள், ஆனால் இடாப்பை நம்பி வீட்டைத் தெரிவுசெய்யாதீர்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் வைத்திருந்த காணி விடுவிக்கப்பட்டு ஆட்கள் வரவரப் பட்டியல் பின்தங்கிவிட்டது. பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு தாங்களும் போனவர்களின் பெயர் இன்னும் இடாப்பில் இருக்கும். தெரிவான பிரிவை 100, 150 வீடுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒன்றைக் குலுக்கி எடுத்து, அந்தத் துண்டின் ஒவ்வொரு படலையையும் நடந்து எழுதி, அந்தப் பட்டியலிலிருந்து 20 வீட்டை எடுங்கள்.

பூட்டிய வீடு வந்தால் இரண்டு குறியீடு வேண்டும். "இங்கு ஒருவரும் வசிப்பதில்லை" ஒன்று. "ஆட்கள் இருக்கினம், நாங்கள் போன நேரம் இல்லை" மற்றது. முன்னையது கணக்கிலிருந்து கழியும், பின்னையது பதிலின்மையாகச் சேரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் யாழ்ப்பாணத்தின் பதில் வீதம் பாதாளத்துக்குப் போய்விடும். முற்றத்தில் சருகு குவிந்து கிடக்கிறதா, மின்மானி ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு பக்கத்து வளவில் கேளுங்கள். பக்கத்து வீட்டை அதற்குப் பதிலாக எடுப்பது மட்டும் வேண்டாம். வேறு வேறு நேரத்தில் மூன்று தரம் போங்கள். குருநகரில் கடற்றொழிலுக்குப் போகிறவர்களை விடியக் காலமை தேடிப் பயனில்லை. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் களவேலை வைக்காதீர்கள்.

படி 4: வீட்டுக்குள் யார்?

படலையைத் திறக்கிறவரையே பேட்டி எடுத்தால் உங்கள் மாதிரி முழுக்க அம்மம்மாக்களாகத்தான் இருக்கும். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எழுதி, ஒருவரைக் குலுக்கி எடுக்க வேண்டும். இப்படி ஆள் தெரிவதற்கான கிஷ் அட்டவணையைத் தாளில் வைத்துச் செய்யலாம், நான் கோபோ டூல்பொக்ஸ் (KoboToolbox) என்ற கைபேசிப் படிவச் செயலி பக்கம். இணையம் இல்லாத இடத்தில் வேலை செய்யும், தமிழும் சிங்களமும் ஒரே படிவத்தில் நிற்கும். ஒரு எச்சரிக்கை: படிவத்தில் ரண்டம் (random) கட்டளையைத் தனியே போட்டால், திரும்பத் திறக்கும்போது வேறு ஆளைத் தெரிவுசெய்துவிடும். அதை வன்ஸ் (once) என்ற கட்டளைக்குள் வையுங்கள். இல்லாவிட்டால், வேலைக்குப் போன மகன் தெரிவானால் படிவத்தை மூடித் திறந்து அம்மா வரும்வரை பார்க்கிற கெட்டிக்காரர் ஒருவர் உங்கள் அணியில் இருப்பார்.

18 வயதுக்கு மேற்பட்ட நாலு பேர் உள்ள வீட்டில் தெரிவானவருக்கு நாலு மடங்கு நிறை. தனியாள் வீட்டுக்கு ஒன்று. ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளின் சேவே (survey) தொகுப்பு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், இலவசம். ஸ்டாட்டா வாங்கக் காசு இருந்தால் வாங்குங்கள், நான் வாங்கவில்லை.

படி 5: கருவி

உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய நோயறி பேட்டி சி.ஐ.டி.ஐ. விரிவானது, ஆனால் ஒரு மணித்தியாலத்தை எளிதில் தாண்டும். அந்தப் பெயரை வடக்கில் ஒரு வீட்டு வாசலில் உச்சரித்துவிடாதீர்கள். கடைசி எழுத்து யார் காதிலும் விழாது.

அதற்கு நேரமில்லை என்று பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நோய் வீதம் சொல்லக் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 10 புள்ளியை வெட்டெல்லையாக வைத்தால், அதை உருவாக்கியவர்களின் 2001 ஆய்வின்படி, நோயுள்ள 100 பேரில் 88 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விடும். ஆயிரம் பேரில் 50 பேருக்கு நோய் என்றால் 44 பேரைப் பிடிக்கும். மிச்சம் 950 பேரில் 114 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். மொத்தம் 158. 5 வீதம் நோய், 16 வீதமாக அறிக்கையில் ஏறும்.

2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,517 வீடுகளில் நடந்த ஆய்வு மனச்சோர்வு அறிகுறி 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு 7 வீதம் என்று கண்டது. அப்போது இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் மூன்றுமே கூட. நல்ல ஆய்வு. ஆனால் போர் முடிந்த சூட்டோடு அறிகுறிப் பட்டியலால் அளந்தது. இன்றைய நோயறிதல் வீதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று எழுதினால் அது பிழை.

என் தெரிவு மினி (MINI) என்ற குறுகிய நோயறி பேட்டி. இந்தியாவின் 2015–16 தேசிய மனநல ஆய்வு 12 மாநிலங்களில் அதைத்தான் பயிற்றப்பட்ட களப்பணியாளர் கையில் கொடுத்தது. இன்னொரு வழி, எல்லோரையும் சிறு வினாக்கொத்தால் சலித்தெடுத்துவிட்டு, சிக்கியவர்களிடமும் சிக்காதவர்களில் ஒரு பங்கினரிடமும் மருத்துவரை அனுப்புவது. தாளில் அழகாக இருக்கும். நெடுந்தீவுக்கு உளமருத்துவ நிபுணரை இரண்டாம் தரம் அனுப்பிப் பாருங்கள், தெரியும்.

உளப்பிளவை (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற கடும் நோய்களை இந்த ஆய்வால் அளக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆட்கள் குறைவு. அவர்களில் பலர் வீட்டிலும் இல்லை, விடுதியிலோ பராமரிப்பு இல்லத்திலோ தெருவிலோ இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 1993, 94இல் வீடுகளுக்கு ஒரு ஆய்வு, நிறுவனங்களுக்கு வேறு, வீடற்றவர்களுக்கு வேறு என்று பிரித்தே செய்தார்கள்.

படி 6: சேவைக் கேள்விகள்

அந்த நாலு பெட்டித் தாளை எடுங்கள்.

எனக்குக் கிடைக்கிற வினாக்கொத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடும்: அறிகுறிக் கேள்வி, நோய் உண்டு என்று வந்தால் "சிகிச்சை பெற்றீர்களா?", இல்லை என்று வந்தால் நன்றி, வணக்கம். நேரம் மிச்சம் என்று இந்தத் தாவலை வைக்கிறார்கள்.

பருத்தித்துறைப் பக்கம் ஒருவரை நினையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் கடும் மனச்சோர்வு. மாதாமாதம் கிளினிக் போய் மருந்து எடுத்துச் சுகமாக இருக்கிறார். இன்று கேட்டால் அறிகுறி ஒன்றுமில்லை, தாவல் அவரை வெளியே தள்ளிவிடும். மருந்து வேலை செய்யாமல் இன்னும் துன்பப்படுகிறவர் மட்டும் "சிகிச்சை பெற்றவர்" பெட்டியில் நிற்பார். சுகமானவர்கள் எல்லோரும் மறைந்துவிட, சிகிச்சை இடைவெளி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், சிகிச்சை பயனற்றது போலவும் தெரியும். இதைப் பார்த்து அமைச்சில் ஒருவர் கிளினிக்கைக் குறைத்தால் யாரைக் குறை சொல்வது?

ஆகவே சேவைக் கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள், அதையும் அறிகுறிக் கேள்விக்கு முன்னாலேயே. ஒவ்வொருவருக்கும் சில நிமிடம் கூடும். கூடட்டும்.

கேட்கும்போது "மனநல சேவை பெற்றீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். எங்கள் முன்னோட்டத்தில் ஒரு வீட்டில் நடந்தது:

"அம்மா, போன வருசம் மனநலத்துக்கு எங்கையும் காட்டினீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, எனக்கு விசரெண்டு ஆர் சொன்னது?"

விறாந்தைச் சுவரில் ஆணியில் ஒரு சொப்பிங் பை தொங்கியது. அதற்குள் கிளினிக் கொப்பி, கடதாசி உறைகளில் குளிசை. "அது நித்திரைக்குத் தாற குளிசை."

அதனால் தொல்லையிலிருந்து தொடங்குங்கள்: நித்திரையில்லை, யோசனை, நெஞ்சுப் படபடப்பு, குடி என்று ஏதாவது ஒன்றுக்கு எங்கே போனீர்கள்? பிறகு இடங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஆஸ்பத்திரி ஓ.பி.டி., மனநலக் கிளினிக், சனல் பண்ணி (தனியார் வைத்தியரிடம் பதிந்து) காட்டியது, பாமசியில் நேரே வாங்கியது, சித்த, ஆயுர்வேத வைத்தியர், உளவளத்துணையாளர், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சாத்திரி, நூல் கட்டியது. தீர்ப்புச் சொல்லும் முகத்தோடு வாசிக்காதீர்கள். எதற்கு முதல் போனார்கள், பிறகு எங்கே என்ற வரிசையையும் எடுங்கள். கடைசியில், "வீட்டில் குளிசை, கொப்பி இருந்தால் பார்க்கலாமோ?" இந்த ஒரு கேள்வி பத்துக் கேள்விக்குச் சமம்.

செலவைக் கேட்கும்போது மருத்துவர் கட்டணத்தோடு நிற்காதீர்கள். அரச ஆஸ்பத்திரி இலவசம். ஓட்டோ எவ்வளவு, கூடப் போனவரின் அன்றைய கூலி எவ்வளவு என்று கேளுங்கள்.

"கடந்த 12 மாதம்" என்றால் யாருக்கும் பிடிபடாது. தமிழருக்கும் சிங்களவருக்கும் சித்திரை வருசம், முஸ்லிம்களுக்கு நோன்பு என்று ஒரு நாளோடு கட்டிக் கேளுங்கள்.

படி 7: அனுமதியும் பாதுகாப்பும்

ஒழுக்க நெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு படலையும் தட்ட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவு சிறப்பு வகை. பெயரும் விடையும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. விதானையாரோ வேறு யாருமோ பேட்டி நடக்கும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது. மாமி விறாந்தையில் இருந்தால் மருமகளோடு கிணற்றடிக்குப் போங்கள்.

உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய கேள்விக்கு ஆம் என்று வந்தால் என்ன செய்வது என்பது களத்துக்குப் போக முன்னரே எழுதியிருக்க வேண்டும்: அன்றைக்கே அழைக்க ஒரு வைத்தியரின் இலக்கம், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம், தனியே விட்டுவிட்டு வராமை. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை. பொலிசுக்குப் பயந்து மறைக்கிற வீடுகள் இன்னும் உண்டு, களப்பணியாளர்களுக்கே இது தெரியாது. பயிற்சியில் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை

பதிவைப் பார்த்த ஹற்றன் தம்பி ஒருவர், தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் இருக்குமே, படலையை எண்ணினால் எப்படி என்று கேட்டார். சரிதான். அங்கே அடுப்பை எண்ணுங்கள். கொழும்பு அடுக்குமாடியில் செக்குறிட்டியைத் தாண்டுவதற்கு முகாமைத்துவக் குழுவின் கடிதத்தை முன்கூட்டியே எடுங்கள்.

கிளினிக்கில் வேலை செய்யும் தாதி அக்கா ஒருவர் எழுதியது இன்னும் முக்கியம். கிளினிக் நாளில் வரிசையில் நிற்பவர்களில் பலர் நோயாளிகளே இல்லை, மகனுக்கு மருந்து எடுக்க வந்த அம்மாமார். மகன் வருவதே இல்லை. அவர் சிகிச்சை பெற்றவரா, பெறாதவரா? இதற்கு மூன்றாவது விடை ஒன்று வேண்டும்: "மருந்து வருகிறது, ஆள் போவதில்லை." அதைச் சேர்த்துவிட்டு, கடைசியாக வைத்தியர் அவரை நேரில் பார்த்தது எப்போது என்றும் ஒரு கேள்வி போடுங்கள். அட்டவணையில் இப்போது ஆறு பெட்டி.