பி.எல்.சி. கற்கும்போது ஸ்டாப் பட்டனில் நடக்கும் தவறு

பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) பயிற்சி பேனலில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவை. நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். 24 வோல்ட் சப்ளையில் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதை இங்கே சொல்லவில்லை. ஒரு முறை பட்டால் போதும்.

ஸ்டாப் பட்டனுக்கு என்.ஓ. கான்டாக்ட்

இன்றும் பார்த்தால் கோபம் வருவது இதற்குத்தான். ரிலே சர்க்யூட்டில் ஸ்டாப் பட்டன் என்.சி. (அழுத்தாதபோது மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும்) என்று படித்திருப்பார்கள். அதே நினைவில் லேடரிலும் (ஏணி வடிவில் வரையும் பி.எல்.சி. புரோகிராம்) குறுக்குக்கோடு போட்ட கான்டாக்டை வைப்பார்கள். பட்டனும் என்.சி.யாக இருப்பதால் இன்புட் எப்போதும் 1. குறுக்குக்கோடு போட்ட கான்டாக்ட் வழிவிடாது, மோட்டார் கிளம்பாது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பட்டனை என்.ஓ. (அழுத்தினால் மட்டும் மூடும்) பிளாக்குக்கு மாற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் அடித்தால் ஓடும், ஸ்டாப் அடித்தால் நிற்கும். வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள்.

இப்போது ஸ்டாப் பட்டனின் ஒரு ஒயரை மட்டும் டெர்மினலிலிருந்து கழற்றிவிட்டு, பட்டனை அழுத்திப் பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கன்வேயர் அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்தாலும் இதே கதிதான். சட்டைக் கை ரோலரில் சிக்கி, ஒருவர் பதறி ஸ்டாப்பை அடிக்கும் வரை அது யாருக்கும் தெரியாது.

பட்டனை என்.சி.யிலேயே விடுங்கள். அழுத்தாதபோது பி.எல்.சி.யில் அந்த இன்புட்டின் எல்.இ.டி. எரிய வேண்டும். லேடரில் குறுக்குக்கோடு இல்லாத கான்டாக்ட் போடுங்கள். ஒயர் அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் இன்புட் 0 ஆகும், மோட்டார் நிற்கும். ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்துவது) 95-96 என்ற என்.சி. கான்டாக்டுக்கும் இதே கணக்கு. லேடரில் உள்ள குறுக்குக்கோடு பட்டன் எந்த வகை என்பதைச் சொல்லவில்லை. ‘பிட் 0 ஆக இருந்தால் வழிவிடு’ என்பது மட்டுமே அதன் பொருள்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை சாதாரண பி.எல்.சி. புரோகிராமிடம் மட்டும் விடுவது

கூடாது. சேஃப்டி ரிலே வழியாக கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) காயிலின் சப்ளையே துண்டிக்கப்பட வேண்டும். பி.எல்.சி.க்குத் தகவல் போனால் போதும்.

ஒரே அவுட்புட் காயில், இரண்டு ரங்கில்

ஒரே அவுட்புட்டை லேடரின் இரண்டு ரங்கில் (ஏணிப் படி போன்ற வரி) எழுதினால், கடைசி ரங்க் சொல்வதே நடக்கும்.

4–20 மில்லியாம்பியரில் 4ஐ மறப்பது

0–10 பார் அழுத்தத்தை மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் (4 மில்லியாம்பியர் என்றால் 0 பார், 20 என்றால் 10 பார்) 12 மில்லியாம்பியர் காட்டினால் அழுத்தம் 5 பார். 4ஐக் கழிக்காமல் 20ஆல் வகுப்பவர்களுக்கு 6 பார் வரும். 3.6 மில்லியாம்பியருக்குக் கீழே இறங்கினால் அதை பூஜ்ய அழுத்தமாக எடுக்காமல், பழுது என்று அலாரம் கொடுத்து பம்பை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒயர் அறுந்த நாளில், அழுத்தமே இல்லை என்று நம்பி புரோகிராம் பம்பை முழு வேகத்தில் ஓட்டும்.