ஒரு புரதம் பசுங்கணிகத்துக்குள் நுழைகிறதா எனச் சோதிக்கும் முறை

பசுங்கணிகத்துக்குச் சொந்த மரபணுத்தொகுதி இருந்தாலும், அதன் புரதங்களில் மிகப் பெரும்பாலானவை உட்கருவின் மரபணுக்களைக் கொண்டு சைட்டோபிளாசத்தில் உருவாகி, டிரான்சிட் பெப்டைடு என்னும் வழிகாட்டித் தொடரை முன்முனையில் தாங்கி வந்து சேர்கின்றன. இந்த நுழைவைச் சோதனைக்குழாயிலேயே நிகழ்த்தலாம் என்று 1978இல், கரியமில வாயுவைப் பிணைக்கும் நொதியான ரூபிஸ்கோவின் சிறிய துணையலகைக் கொண்டு காட்டினார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கும் அந்தப் புரதமே ஏற்றது.

8 முதல் 12 நாள் வளர்ந்த பட்டாணி நாற்றுகளின் இலைகளைச் சார்பிட்டால் கலந்த குளிர்ந்த தாங்கல் கரைசலில் சில நொடிகள் மட்டும் அரைத்து, துணியில் வடிகட்டி, பெர்கால் என்னும் அடர்த்திக் கரைசலின் அடுக்குகளின்மேல் இட்டு மையவிலக்கம் செய்யுங்கள். உடைந்தவை மேலே தங்க, முழுமையானவை கீழே பச்சைப் பட்டையாகப் படியும். அதை மட்டும் எடுத்துக் கழுவிப் பனிக்கட்டியில் வையுங்கள். இந்தப் படியில் அவசரமே கூடாது. உறை கிழிந்த பசுங்கணிகங்களிலிருந்து ஸ்ட்ரோமா என்னும் உட்திரவத்தின் வெட்டுநொதி கசிந்து, வழக்கமாக உள்ளே நுழைந்தபின் வெட்டப்படும் டிரான்சிட் பெப்டைடை வெளியிலேயே நறுக்கிவிட்டால், நுழையாத புரதமும் நுழைந்ததுபோல் தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும்.

டிரான்சிட் பெப்டைடு நீங்காத முன்னோடிப் புரதத்தைக் கோதுமை முளைச் சாற்றில், கதிரியக்கக் கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனினுடன் தயாரித்து, பசுங்கணிகங்களோடும் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியோடும் (3 மில்லிமோலார்) கலந்து, 25 டிகிரி செல்சியஸில் 10 முதல் 20 நிமிடம் வையுங்கள். இன்னொரு குழாயை 0.1 மில்லிமோலார் ஏடிபியுடன் பனிக்கட்டியில், இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பசுங்கணிகம் தானே ஏடிபியை உண்டாக்கிக்கொள்ளும். இக்குழாயில் முன்னோடி, வெளிச்சவ்வின் நுழைவாயிலான டாக் புரதத் தொகுதியைப் பற்றிக்கொண்டு, உட்சவ்வின் நுழைவாயிலான டிக் தொகுதியைக் கடந்து செல்லாமல் நின்றுவிடும்.

அடுத்து, கால்சியத்துடன், புரதங்களைச் சிதைக்கும் தெர்மோலைசின் நொதியைச் சேர்த்துப் பனிக்கட்டியில் 30 நிமிடம் வைத்து, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ இட்டு நிறுத்துங்கள். இந்நொதி உறையைக் கடக்காததால் வெளியே ஒட்டியிருப்பவை மட்டும் அழியும். உள்ளே சென்றவை தப்பும். ஒரு பகுதியில் டிரைட்டான் என்னும் சவ்வு கரைப்பானைச் சேர்த்து உறையைக் கரைத்தபின் இதே நொதியை இடுவதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்: அப்போதும் புரதம் அழியாமல் நின்றால், அதைக் காத்தது உறையன்று, அதன் சொந்த உறுதியே; அந்த முடிவை நம்ப இயலாது.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டிப் படமெடுத்தால், சுமார் 20 கிலோடால்டன் முன்னோடிக்குக் கீழே, ஏறத்தாழ 14 கிலோடால்டனில் முதிர்ந்த பட்டை தெரியும். பிளாஸ்டோசயனின் போல, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் சவ்வுப் பையான தைலகாய்டின் உட்புறம்வரை செல்லும் புரதமானால் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பட்டையும் தோன்றலாம். முதல் வெட்டு ஸ்ட்ரோமாவிலும் அடுத்தது தைலகாய்டிலும் நிகழ்வதே அதற்குக் காரணம்.